மந்தைவெளி சிமிழ்ப் பட்டறை

பெரும்பாக்கம்
10.3.2024

தம்பி மதிவாணனுக்கு அக்கா அன்புச்செல்வி எழுதுறது. அம்மாவுக்கு சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கு, கால் வீக்கம் மட்டும் அப்படியே இருக்கு. எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் தோள்பட்டை வலி எப்படி இருக்கு? சாப்பாடு ஒத்துக்குதா?

ஜட்ஜு போட்ட ஒரு வருஷத்துல ரெண்டு மாசம் போயிடுச்சுன்னு அம்மா காலண்டர்ல கோடு போட்டு வைக்குது. மனு போட்டு உன்னைப் பார்க்க அம்மா மட்டும் வந்துச்சேன்னு கோபப்படாதே நைனா. எனக்கு லீவு கிடைக்கலை. ஜெயில்ல இருந்து போன் பேச விடுறாங்களாமே, நீ ஏன் பேசறதே இல்லைன்னு அம்மா கேக்குது. நான் கேக்கலை.

புதுசா ஒரு வேலை சேர்ந்திருக்கேன். காலையில ஆர்.ஏ.புரத்துல வெங்கடரமணன் சார் வீட்டு வேலை முடிஞ்சதும், மத்தியானம் மந்தைவெளியில ஒரு மரப் பட்டறைக்குப் போறேன். பட்டறைன்னா ஒரு ஆட்டோ நிறுத்துற அளவு இடம், ஒரே ஒரு கடைசல் மெஷின். கதவு, கட்டில் செய்யுற இடத்துல மிச்சம் விழுற துண்டுக் கட்டைங்களை மூட்டையா வாங்கிட்டு வந்து, சின்னச் சின்னதா சிமிழ், கிண்ணம், ஜாடி கடையுறாங்க. ஒவ்வொண்ணும் எலுமிச்சம்பழம் அளவுதான். தி.நகர்ல ஒரு கடைக்குப் போகுது. வாங்குறவங்க அதுல எதையும் போட்டு வைக்கிறதில்லையாம், ஷோகேஸ்ல அழகுக்கு வைக்கிறாங்களாம். எனக்கு உப்புத்தாள் தேய்க்கிற வேலை. முதல் நாள் தேக்குத் தூள் மூக்குல ஏறி பஸ்ல வீடு வர்ற வரைக்கும் தும்மல்.

உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா
அன்பு


புழல்
28.3.2024

அக்காவுக்கு,

உன் கடிதாசி வந்துச்சு. நான் நல்லா இருக்கேன். சமையல் கட்டுல போட்டிருக்காங்க, சூட்டுல தோள்பட்டை வலி குறைஞ்ச மாதிரி இருக்கு. அம்மாவைக் காலை உசரத்துல வச்சுத் தூங்கச் சொல்லு. இங்க எல்லாக் கடிதாசியும் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் குடுப்பாங்க, அதனால பார்த்து எழுது.

போன் பேசாததுக்குக் காரணம் ஒண்ணும் இல்லை. போனைக் காதுல வச்சா அடையாறு பாலம் இறக்கத்துல அன்னைக்குக் கேட்ட சத்தம் கேக்குது. என் தண்ணி லாரி அந்த பாய் வண்டியை இடிச்ச சத்தம்கூட இல்லை. அவர் வண்டியில கட்டியிருந்த மூட்டை அவுந்து கட்டைங்க ரோடு பூரா உருண்டுச்சே, அந்தச் சத்தம். மூணு வருஷம் ஆகியும் போகலை. அதான் எழுத்து போதும்னு இருக்கேன்.

மரப் பட்டறைன்னு எழுதியிருக்கே. யாரோட பட்டறை? எப்படித் தெரியும் உனக்கு?

மனுவுக்கு நீ வரணும். நான் உள்ள வந்ததுல இருந்து உன் மூஞ்சியப் பார்க்கலை. அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லு.

மதி


பெரும்பாக்கம்
2.5.2024

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். உனக்கு சுகம்தானே? வெயில் இங்க மண்டையைப் பொளக்குது, அடுப்புப் பக்கத்துல நீ என்ன பாடுபடுறியோ. அம்மா காலை தலகாணி மேல வச்சுத்தான் தூங்குது. பதில் எழுத லேட்டாயிடுச்சு, தப்பா நினைக்காதே.

வேலை இப்போ பழகிடுச்சு. வெங்கடரமணன் சார் வீட்டுல பழைய ஜன்னல் எல்லாம் பிடுங்கிப் போட்டாங்க. "இந்தக் கட்டையை எடுத்துக்கட்டுமா சார்"னு கேட்டேன். "குப்பைதானே, தாராளமா"ன்னார். பையில போட்டு எடுத்துட்டுப் போனேன். பார்க்க அழுக்கா, பெயின்ட்டோட, ஆணி ஓட்டையோட இருந்துச்சு. பட்டறை நடத்துற அம்மா மூலையை ரம்பத்தால அறுத்துட்டு மெஷின்ல மாட்டி உளியை வச்சதும் பெயின்ட் பறந்து போச்சு, உள்ள தேன் நிறத்துல தேக்கு. ஆணி இருந்த இடத்துல கறுப்பா ஒரு வளையம். அதை அப்படியே வெளிப்பக்கம் தெரியுற மாதிரி விட்டுட்டாங்க. உள்ள ஒடிஞ்ச ஆணி கிடந்தா உளி முனை போயிடும், அதனால காந்தத்தை வச்சுத் தடவிப் பார்த்துட்டுத்தான் ஆரம்பிப்பாங்க.

கஷ்டம் மூடியிலதான் இருக்கு. ரொம்ப இறுக்கமா கடைஞ்சா மழைக் காலத்துல திறக்க வராது, தளர்த்தினா வெயிலுக்கு ஆடும். அந்தம்மா கண்ணால அளக்கிறதில்லை, மூடியைப் போட்டுத் திறந்து சத்தத்தைக் கேப்பாங்க. "கேளு அன்பு, சுருக்குனு வரணும், சண்டை போடக்கூடாது" அப்படிம்பாங்க. நல்லா பேசுவாங்க. நம்ம வயசுதான் இருக்கும். அவங்களுக்கு ரூஹின்னு ஒரு பொண்ணு, காலேஜ் படிக்குது, அது மட்டும் யார்கிட்டேயும் பேசாது. ரம்ஜான் மாசம் பூரா எனக்கும் ஒரு டம்ளர் கஞ்சி எடுத்து வச்சாங்க.

மனுவுக்கு அடுத்த மாசம் பார்க்கிறேன்.

அக்கா


புழல்
9.5.2024

அக்கா,

நலம். யார் பட்டறைன்னு கேட்டேன். நீ மூடியைப் பத்தி எழுதியிருக்கே. பேரை எழுது.

மதி


புழல்
20.6.2024

அக்கா,

ஆறு வாரம் ஆச்சு, உன்கிட்ட இருந்து பதில் இல்லை. இனிமே எழுத வேணாம், எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

நீ ஒரு நாளும் கோர்ட்டுக்கு வரலை, அதனால உனக்குத் தெரியாது. அந்த பாயோட சம்சாரம் கூண்டுல ஏறி என்ன சொன்னாங்க தெரியுமா? "அவர் மெஷினை விக்க மனசு வரலை. மிச்சக் கட்டை மூட்டை மூட்டையா கிடந்துச்சு. நானே கத்துக்கினு சிமிழ் கடையுறேன்"னாங்க. ரூஹின்னு ஒரு பொண்ணு இருக்குறதையும் சொன்னாங்க. நீ போறது பீர் முஹம்மது பாய் பட்டறைக்கு. உனக்குச் சோறு போடுறது ஷகீலாம்மா.

இன்னா வேலை அக்கா இது? அவங்க புருஷனைக் கொன்னவனோட அக்கான்னு சொல்லாம அவங்க பக்கத்துல உக்காந்து உப்புத்தாள் தேய்க்கிறியா? அவங்க கஞ்சியைக் குடிச்சியா?

எனக்காகப் போறேன்னு சொல்லாதே. நான் அனுப்பலை. நான் லாரியில கண் அசந்துட்டேன்னு கோர்ட்டுல சொன்னேன், ஒத்துக்கினேன், தண்டனை வாங்கினேன், அப்பீலும் வேணாம்னேன். அது அத்தோட முடிஞ்சுது. நீ அதைக் கிளறாதே. நாளையில இருந்து அங்க போகாதே.

அம்மாவை நல்லா பார்த்துக்கோ.

மதிவாணன்


பெரும்பாக்கம்
7.7.2024

தம்பி மதிவாணனுக்கு,

அம்மா நல்லா இருக்கு. நானும் இருக்கேன்.

நீ சொன்னது நிஜம். தீர்ப்புக் காகிதத்துல அந்த விலாசத்தைப் பார்த்தேன். முதல் நாள் சந்து முனை வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். ரெண்டாவது நாளும் அப்படித்தான். மூணாவது நாள் ஒரு பை நிறைய துண்டுக் கட்டை எடுத்துட்டுப் போய் "வேணுமாம்மா"ன்னு கேட்டேன். கால்ல விழுந்துடணும்னுதான் போனேன். அவங்க பையைக் கொட்டிப் பார்த்து, "அட, வேங்கை மரம்! எங்கம்மா கிடைச்சுது?"ன்னு முகம் மலர்ந்து கேட்டாங்க. அதுக்கு மேல எனக்கு வாய் வரலை. அன்னைக்கு வராத வாய் நாலு மாசமா வரலை.

உனக்காகப் போகலை. எனக்காகப் போனேன். நீ கோர்ட்டுல கண் அசந்துட்டேன்னு சொன்னது பொய். பிரிச்சுப் படிக்கிறவர் படிக்கட்டும். நீ தூங்கலை. என்கூட பேசிக்கினு இருந்தே. ரெண்டு தடவை கட் பண்ணினே. மூணாவது தடவையும் கூப்பிட்டேன், எடுத்தே. எதுக்குக் கூப்பிட்டேன்? கேஸ் சிலிண்டர்காரன் மாடி ஏற மாட்டேன்னு கீழேயே வச்சுட்டுப் போயிட்டான்னு உன்கிட்ட கத்தினேன். அவ்வளவுதான் விஷயம். அதுக்கு ஒரு உசிரு.

நீ போனைக் கட் பண்ணாம சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கினு இறங்கிட்டே. இடிச்ச சத்தம் கேட்டேன். கட்டை உருண்டதையும் கேட்டேன். நீ ஓடினதைக் கேட்டேன். அப்புறம் ஒரு குரல் "தம்பி, தம்பி"ன்னுச்சு. நீ திரும்பி வந்தே. "கட்டையை ஓரமா தள்ளுப்பா, பின்னாடி வர்றவன் வழுக்கிடுவான்"னு அவர் சொன்னார். அப்புறம் தண்ணி கேட்டார். அதுக்கப்புறம் துணி உரசுற சத்தம்தான், பேச்சு எதுவும் தெளிவா கேக்கலை. ஜனம் கூடி உன்னை அடிக்கிற சத்தம் வந்துச்சு, லைன் போயிடுச்சு. போன்ல பார்த்தேன், இடிச்சப்புறம் மட்டும் நாலு நிமிஷம் ஓடியிருக்கு.

நம்ம ரெண்டு பேரும் இதை ஒருத்தருக்கொருத்தர் சொன்னதே இல்லை. நீ என்னைக் காப்பாத்தினே. நான் சும்மா இருந்துட்டேன். மனுவுக்கு வராததுக்கும் லீவு காரணம் இல்லைடா. அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் மூஞ்சியைப் பார்த்து நான் என்ன பேசுவேன்?

அக்கா


புழல்
25.7.2024

அக்கா,

படிச்சேன். வார்டர் ஒண்ணும் கேக்கலை, மடிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டார்.

போன் அடிச்சா எடுக்கணும்னு சட்டம் இல்லை. எடுத்தது என் கை. உன் பேர் எங்கேயும் வரக் கூடாதுன்னுதான் தூங்கினேன்னு சொன்னேன். அதுல அந்தம்மாவை ஏமாத்துறேன்னு அப்போ தோணலை. உள்ள வந்து உக்காந்தப்புறம்தான் தோணுது.

போகாதேன்னு எழுதினதை வாபஸ் வாங்குறேன். ஆனா இனிமே சொல்லாம போகாதே. போய்ச் சொல்லு. சொல்றதுன்னா பூரா சொல்லு. என்னை நல்லவனாக்கிச் சொல்லாதே, ஓடினேன்னும் சொல்லு. அடிச்சாலும் வாங்கிக்கோ.

அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்திருக்கும், பார்.

மதி


பெரும்பாக்கம்
1.9.2024

தம்பிக்கு,

அம்மா மாத்திரை வாங்கியாச்சு. உன் உடம்பு எப்படின்னு எழுது.

சொல்லிட்டேன். உன் கடிதாசி வந்தப்புறமும் ஒரு மாசம் ஆச்சு எனக்கு. போன வியாழக்கிழமை அவங்க ஈட்டிக் கட்டையில ஒரு ஜாடி கடைஞ்சுக்கினு இருந்தாங்க. கறுப்பும் ஊதாவுமா சீவல் சுருள் சுருளா என் மடியில விழுந்துச்சு. ஜாடி முடியட்டும்னு காத்திருந்தேன். முடிஞ்சதும் மூடிக்குக் கட்டையை மாட்டிட்டாங்க. இப்படியே போனா என்னைக்கும் சொல்ல மாட்டேன்னு தோணுச்சு.

"ஷகீலாம்மா, மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க"ன்னேன்.

"இன்னா அன்பு, கை வலிக்குதா?"

"என் தம்பி பேரு மதிவாணன்."

"எந்த மதிவாணன்?"ன்னு சாதாரணமாத்தான் கேட்டாங்க. அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்தாங்க. மெஷின் சுத்தி சுத்தித் தானா நின்னுச்சு.

"தண்ணி லாரியா?"

"ஆமாம்மா."

"எத்தினி மாசமா வந்துக்கினு கீறே?"

"மார்ச்சுல இருந்து."

"என் வூட்டுல சோறு துன்னே."

"துன்னேன்."

அவங்க கத்தலை. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். நான் விடாம மீதியையும் சொன்னேன். தூக்கம் இல்லை, போன், அதுவும் நான்தான்னு சொன்னேன். சிலிண்டர்னு சொன்னேன். இடிச்சப்புறமும் நாலு நிமிஷம் லைன் இருந்துச்சு, கேட்டுக்கினு இருந்தேன்னு சொன்னேன். அப்போகூட அவங்க என்னைப் பத்தி ஒண்ணும் கேக்கலை. வேற ஒண்ணு கேட்டாங்க.

"நாலு நிமிஷம்னியே. அப்போ அவர் உடனே போகலையா? அந்த இடத்துலயே உசிரு போச்சு, வலியே தெரிஞ்சிருக்காதுன்னு என்கிட்ட சொன்னாங்களே?"

மதி, அப்போதான் எனக்கு உறைச்சுது. நான் நம்ம தப்பைச் சொல்லத்தான் போனேன். அவங்க இத்தனை வருஷமா எதை நம்பித் தூங்கினாங்களோ அதையும் சேர்த்துப் பிடுங்கிட்டேன். ஆனா அதுக்கப்புறம் எப்படி நிறுத்துறது?

"பேசினார்மா"ன்னேன். கட்டையை ஓரம் தள்ளச் சொன்னதைச் சொன்னேன். வாயில முந்தானையை வச்சுக்கினாங்க. "ரோட்டுல ஒரு கல்லு கிடந்தாக்கூட வண்டியை நிறுத்தி எடுத்துப் போடுவார்"னாங்க. தண்ணி கேட்டதையும் சொன்னேன்.

"குடுத்தானா?"

"தெரியாதும்மா. அதுக்கப்புறம் துணி உரசுற சத்தம்தான் கேட்டுச்சு."

"குடிச்சாரா இல்லையா?"

"எனக்குத் தெரியாதும்மா."

மெஷின்ல மாட்டின மூடிக் கட்டையைக் கழட்டி வச்சாங்க. "எழுந்து போ"ன்னாங்க. எழுந்து வந்துட்டேன். நாளைக்கு வரட்டுமான்னு நானும் கேக்கலை, வராதேன்னு அவங்களும் சொல்லலை.

வர்ற புதன்கிழமை மனுவுக்கு நான் வரேன். அம்மா வீட்டுல இருக்கட்டும்.

அக்கா


மந்தைவெளி
20.10.2024

மதிவாணன் அவர்களுக்கு,

நலம் விசாரித்துத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். எனக்கு இப்போது அது வரவில்லை.

இந்த ஏழு வாரங்களில் உங்களுக்கு மூன்று கடிதங்கள் எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதில் திட்டு மட்டுமே இருந்தது. உங்கள் அக்கா உட்காரும் முக்காலியைத் தூக்கிச் சந்தில் போட்டேன். மறுநாள் நானே போய் எடுத்து வந்தேன். தி.நகர் கடைக்கு நாற்பது சிமிழ் தர வேண்டியிருந்தது, ஒன்றுகூடக் கடைய முடியவில்லை. உளியை வைத்தால் கட்டை சிதறியது.

போன் பேசினீர்களா, தூங்கினீர்களா என்பதை நான் இப்போது கேட்கவில்லை. அது உங்களுக்கும் அல்லாவுக்கும் உள்ளது. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அவர் தண்ணீர் கேட்டார் என்று உங்கள் அக்கா சொன்னாள். எங்களில் ஒருவர் போகிற நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் வாயில் தண்ணீர் விடுவோம். வீட்டில் போயிருந்தால் நான் விட்டிருப்பேன், ரூஹி விட்டிருப்பாள்.

அவர் குடித்தாரா? என் மனம் நோகாமல் இருக்கட்டும் என்று எதையும் எழுத வேண்டாம். குடிக்கவில்லை என்றால் குடிக்கவில்லை என்றே எழுதுங்கள்.

ஷகீலா


புழல்
2.11.2024

ஷகீலாம்மாவுக்கு மதிவாணன் எழுதுறது.

உங்க உடம்பையும் உங்க பொண்ணையும் பத்தி விசாரிக்க எனக்கு உரிமை இல்லை. நல்லா இருக்கணும்னு மட்டும் நினைச்சுக்கிறேன்.

நடந்ததை அப்படியே எழுதுறேன். போன் பேசினது நிஜம், கோர்ட்டுல சொன்னது பொய். இடிச்சதும் வண்டியில இருந்து குதிச்சு ஓடினேன். ஒரு பத்தடி, பதினஞ்சு அடி ஓடியிருப்பேன். அவர் கூப்பிட்டார். டேய்னு கூப்பிடலை, தம்பின்னு கூப்பிட்டார். அதனாலதான் என் கால் நின்னுச்சு. டேய்னு கூப்பிட்டிருந்தா ஓடியே போயிருப்பேன்னு நினைக்கிறேன்.

கட்டையைத் தள்ளச் சொன்னார். காலால தள்ளினேன், ஒரு பைக்குக்காரர் சறுக்கிட்டு தப்பிச்சார். அப்புறம் தலையைத் தூக்கி என் மடியில வச்சுக்கினேன். தண்ணின்னார். என் லாரியில பன்னெண்டாயிரம் லிட்டர் தண்ணி இருந்துச்சும்மா. குடுக்க ஒரு டம்ளர் இல்லை. பாக்கெட்டுல இருந்த போனோட என் சட்டையைக் கழட்டி அவர் தலைக்கு அடியில வச்சுட்டு, பின்னால வால்வைத் திறந்து ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கினு ஓடி வந்தேன். முதல் தடவை வந்து சேர்றதுக்குள்ள விரல் இடுக்குல ஒழுகிடுச்சு. ரெண்டாவது தடவை உதட்டுல பட்டு வழிஞ்சுது. மூணாவது தடவை விரலை இறுக்கிக்கினு மெதுவா நடந்து வந்தேன். குடிச்சார். தொண்டை ஏறி இறங்கினதை என் கண்ணால பார்த்தேன். சத்தியமா குடிச்சார்.

அதுக்கப்புறம் என்னைப் பார்க்கலை, மேல பார்த்தார். வாய் அசைஞ்சுது. உங்க பாஷையில ஏதோ சொன்னார், எனக்குப் புரியலை. லா, லான்னு ரெண்டு தடவை வந்த மாதிரி இருந்துச்சு. ஜனம் என்னை இழுத்துட்டுப் போனப்போ அவர் கண்ணு மூடியிருந்துச்சு.

இதை முன்னாடியே நான் சொல்லியிருக்கணும். சொன்னா போனும் வெளிய வரும்னு பயந்து எல்லாத்தையும் சேர்த்து மறைச்சுட்டேன். மன்னிச்சுடுங்கன்னு எழுத கை வரலை.

மதிவாணன்


மந்தைவெளி
1.12.2024

தம்பி மதிவாணனுக்கு ஷகீலா எழுதுவது. இங்கே நானும் ரூஹியும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தொழுகை விரிப்புக்கு அடியில் வைத்திருக்கிறேன். உனக்குப் புரியாமல் போன வார்த்தை எனக்குப் புரிந்தது. அது கலிமா, 'லா இலாஹ இல்லல்லாஹ்', அல்லாவைத் தவிர இறைவன் இல்லை என்பது. கடைசியாக எங்கள் நாவில் வர வேண்டும் என்று ஆயுசு முழுக்க நாங்கள் கேட்பது அதைத்தான். அவருக்கு வந்திருக்கிறது. இத்தனை வருஷமாக அந்த ஒன்றைத்தான் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்தேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நான் எழுதினால் அது இன்றைக்குப் பொய். ஒருநாள் கோபம் இல்லாமல் எழுந்திருக்கிறேன், மறுநாள் திரும்ப வந்துவிடுகிறது. போனில் கத்தியவள் மேலும் வருகிறது. அவள் போன வாரம் ஒரு பை கட்டையோடு வந்து வாசலில் நின்றாள். மழை பெய்தது, கட்டை நனையும் என்று உள்ளே விட்டேன். கடைக்குத் தர வேண்டிய சிமிழில் பதினெட்டுக்கு உப்புத்தாள் போட்டுவிட்டாள். இரண்டு பேரும் அதிகம் பேசுவதில்லை.

நீ ஜனவரியில் வெளியே வருவாய் என்று அவள்தான் சொன்னாள். எனக்கு உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். ரூஹிக்கு அப்போது பதினாறு வயது. நடுரோட்டில் அப்பா அனாதையாகக் கிடந்து செத்தார் என்று நினைத்துத்தான் அவள் பேச்சையே குறைத்துக்கொண்டாள். உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். "அம்மா, உனக்காக யாரோ எழுதின கதை இது" என்று மடித்துக் கொடுத்துவிட்டாள். நான் சொன்னாலும் நம்ப மாட்டாள். நான் அங்கே இல்லை. நீ இருந்தாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. ஓடியதையும் சொல், தண்ணீர் கொண்டுவந்ததையும் சொல், எதையும் விட்டுவிடாதே. அவள் உன்னை எப்படி நடத்துவாள் என்று எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொள்ளலாம். சாத்தினாலும் போய்விடாதே. சந்தில் நின்று, அவள் காதில் விழுகிற மாதிரி, கதவைப் பார்த்தே சொல்லிவிட்டுப் போ.

உன் அம்மாவுக்கு என் சலாம் சொல்லவும்.

ஷகீலா